நாலாம் நம்பர் பாட்டில்

உயிர்வேதியியல் துறைக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று நான் மூன்று வருஷம் எழுதிக் கேட்டேன். மூன்று வருஷமும் நிர்வாகக் குழு ஜெபத்தோடு கூடி ஜெபத்தோடு கலைந்தது. எழுதியது போதும் என்று நான் கத்த ஆரம்பித்த பிறகுதான், 1974 மார்ச் மாதம், ஒரு உதவிப் பேராசிரியர் பதவிக்கு அனுமதி வந்தது.

எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சாயங்காலம் நான் செம்பாக்கம் ஏரிக்கரையில் நடக்கப் போனால், எதிரே வரும் மாணவர்கள் கரையை விட்டு இறங்கி வயல் வழியாகப் போவார்கள். அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கல்லூரி தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகிற ரோட்டில், சேலையூரைத் தாண்டி, பனைமரங்களுக்கு நடுவே இருந்தது. துறையில் பேராசிரியர் சத்தியநாதன் என்று நான் ஒரு ஆள், அட்டெண்டர் சவுரிமுத்து ஒரு ஆள். கண்ணாடிக் குழாய்களை அவர் உடைப்பார், நான் திட்டுவேன். துறை அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

விண்ணப்பம் போட்டவர்கள் பதினோரு பேர். சான்றிதழ்களைப் பார்த்துக் கழித்ததில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவன் தனசிங். என்னிடம் பி.எஸ்ஸி. படித்து, பட்டணத்தில் எம்.எஸ்ஸி. முடித்தவன். நான் 'ம்' என்றால் நோட்டைத் திறப்பான், 'ம்ம்' என்றால் மூடுவான். அவனுக்குத்தான் வேலை என்று ஏப்ரலிலேயே நான் முடிவு செய்து, அவனிடமும் ஜாடையாகச் சொல்லியிருந்தேன். இன்னொருத்தி பியூலா. நாசரேத் பக்கத்துப் பெண். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஒரு ஆஸ்பத்திரி லேபில் ஒரு வருஷம் தற்காலிகமாக இருந்தவள். அந்த வேலை முடிந்துபோய், குரோம்பேட்டையில் அக்கா வீட்டில் தங்கி அடுத்த வேலை தேடிக்கொண்டிருந்தாள்.

நேர்முகத் தேர்வு ஜூன் மாதம் பிரின்சிபால் அறையில் நடந்தது. பிரின்சிபால் சாலமோன் சரித்திரம் படித்தவர். விஞ்ஞான விஷயத்தில் என் முகத்தைப் பார்த்துத்தான் தலையாட்டுவார். இன்டர்வியூ நாளில் கேன்டீனிலிருந்து கமிட்டிக்குக் கேசரியும் காபியும் வருவது எங்கள் கல்லூரி வழக்கம். அவருக்கு நெஞ்செரிச்சல் என்பதால் அவர் பங்குக் கேசரியும் என் பக்கம் வரும். நான் மறுப்பு சொல்வதில்லை. வீட்டில் ரேஷன் சர்க்கரை பதினைந்தாம் தேதியே தீர்ந்துவிடும். மீதி நாளெல்லாம் என் மனைவி சரோஜினி வெல்லக் காபி கொடுப்பாள், நான் அதைக் குடித்துவிட்டு எரிந்து விழுவேன்.

பியூலா வந்து உட்கார்ந்தபோது நான் இரண்டாவது தட்டில் இருந்தேன்.

"ஏம்மா, இந்த வேலை உங்களுக்கு எதுக்கு?"

"லேப்ல நிக்க எனக்குப் பிடிக்கும் சார். சொல்லிக்குடுக்கவும் பிடிக்கும். இது என்னோட மூணாவது இன்டர்வியூ. இதுவும் இல்லைன்னா ஊருக்கு வந்துடுன்னு அப்பா சொல்லிட்டாங்க. ஊர்ல மாமாவுக்கு ஜவுளிக்கடை இருக்கு, கட்டிக்கிறதுக்கு மாமா பையன் இருக்கார். லேப் மட்டும்தான் சார் இல்ல."

பிரின்சிபால் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கல்யாணம் ஆனதும் விட்டுட்டுப் போயிடுவீங்க. நான் மறுபடியும் மூணு வருஷம் லெட்டர் எழுதணும்."

"வெளியில ஒருத்தர் உக்காந்திருக்காரே சார், அவருக்கும் கல்யாணம் ஆகும்தானே? அவர்கிட்ட இதைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. வாய் கொஞ்சம் நீளம் என்று மனதில் குறித்துக்கொண்டு மிச்சக் கேசரியை வழித்துச் சாப்பிட்டேன்.

பேச்சை வைத்து ஆள் எடுப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. கை எப்படி என்று பார்க்க வேண்டும். அதனால் பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு ஆண்டுக் கடைசியில் வைக்கிற அதே செய்முறைப் பரீட்சையை இவர்களுக்கும் வைத்தேன். மேஜையில் நாலு பாட்டில். நாலிலும் சிறுநீர். எதில் என்ன கோளாறு என்று சோதித்து எழுத வேண்டும்.

முதல் மூன்றும் போலி. தண்ணீரில் உப்பும் யூரியாவும் கலந்து, நிறத்துக்கு ஒரு துளி டீ டிகாக்‌ஷன் விட்டு நானே தயார் செய்வேன். முதலாவதில் சர்க்கரை, இரண்டாவதில் முட்டை வெள்ளைக்கரு, மூன்றாவதில் அசிட்டோன். நாலாம் நம்பர் மட்டும் அசல். ஒரு கோளாறும் இல்லாத ஆளுடையது. அதற்கு விடை 'நார்மல்'. நிஜம் எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் ஒரு பாட்டிலிலாவது பார்க்க வேண்டாமா?

அந்த அசலுக்கு எங்கே போவது என்பதுதான் தொல்லை. முதல் வருஷம் சவுரிமுத்துவிடம் கேட்டேன். அவருக்கு வெட்கம். பாட்டிலைக் கொண்டுபோய் சேலையூர் டீக்கடையில் யாரோ ஒரு லாரி டிரைவரிடம் வாங்கி வந்துவிட்டார். பரீட்சையில் பிள்ளைகள் ஆளுக்கொரு விடை எழுதினார்கள். அன்றோடு நான் பிறத்தியாரை நம்புவதை விட்டேன். நாலாம் நம்பர் பாட்டில் அதற்கப்புறம் ஐந்து வருஷமும் என்னுடையது. ஒரு கோளாறும் இல்லாத ஆள் என்று என்னை நானே நியமித்துக்கொண்டேன். அதற்கு இன்டர்வியூ எதுவும் வைக்கவில்லை.

இது யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். பரீட்சை நாள் காலையில் துறைத் தலைவர் கையில் பாட்டிலோடு வராந்தா முழுக்க நடந்து பாத்ரூமுக்குப் போனால் பார்க்கிறவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா என்று யோசித்ததே இல்லை.

பதினோரு மணிக்கு இரண்டு பேரும் மேஜையின் இரண்டு முனைகளில் நின்று ஆரம்பித்தார்கள். தனசிங் விறுவிறுவென்று முடித்தான். பியூலா நிதானம். ஒவ்வொரு பாட்டிலுக்கும் டிராப்பரைக் கழுவினாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், திரும்பவும் கழுவினாள். நாலாம் பாட்டிலுக்கு வந்ததும் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தாள். ஒன்றே காலுக்குத் தாளைக் கொடுத்தாள்.

தனசிங் நாலும் சரி. பியூலாவுக்கு முதல் மூன்றும் சரி. நாலாவதற்கு நேரே குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தாள்: சர்க்கரை இருக்கிறது. ஒரு சதவீதத்துக்கு மேல்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. வாய் நீளம், கை சுத்தம் இல்லை. முடிவு சுலபமாகிவிட்டது.

"தனசிங்குக்கு நாலும் சரி. நீங்க ஒண்ணாம் பாட்டில்ல விட்ட டிராப்பரை நாலாம் பாட்டில்லயும் விட்டிருக்கீங்க" என்றேன்.

"இல்ல சார். கழுவிட்டுத்தான் எடுத்தேன். சந்தேகம் வந்துதுன்னு மூணு தடவை செஞ்சு பார்த்தேன். மூணு தடவையும் ஆரஞ்சு."

"மூணு தடவை தப்பா செஞ்சா அது சரியாயிடுமா? போன வருஷம் இப்படித்தான் ஞானசௌந்தரின்னு ஒரு பொண்ணு. நாலாம் பாட்டில்ல சர்க்கரைன்னு எழுதி வச்சா. எல்லார் முன்னாலயும் நிக்க வச்சு, அஞ்சு மார்க் குறைச்சு, டிராப்பர் எப்படிக் கழுவறதுன்னு அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தேன்."

இதைக் கேட்டு அவள் பயப்படுவாள் என்று பார்த்தேன். அவள் புருவத்தைச் சுருக்கினாள்.

"போன வருஷமும் இதே ஆளோட சாம்பிளா சார்?"

"அதே ஆள்தான். அதுக்கென்ன?"

"அப்போ ஒரு வருஷமா இருக்கு" என்று மெதுவாகச் சொன்னாள்.

எனக்குச் சுரீரென்று ஏறியது. முடிவு தபாலில் வரும், போகலாம் என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள் நின்று திரும்பினாள்.

"வேலை எனக்கு இல்லைன்னு தெரியுது சார். அது உங்க இஷ்டம். ஆனா இந்த நாலாம் நம்பர் யாரோ, அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ஆஸ்பத்திரியில பார்த்திருக்கேன். தெரியாமலே ரெண்டு மூணு வருஷம் விட்டுட்டு, கால்ல ஆறாத புண்ணோட வருவாங்க. இப்பவே சொன்னா சமாளிச்சுக்கலாம். மறந்துடாதீங்க சார்."

"போயிட்டு வாங்கம்மா!" என்று கத்தினேன்.

கத்தியதில் தொண்டை வறண்டுவிட்டது. கூஜாவை எடுத்து அண்ணாந்து குடித்தேன். ஜன்னலோரம் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்த சவுரிமுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா பார்க்கிற?" என்று அவர் பாஷையிலேயே கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல சார். இத்தோட மூணாவது கூஜா."

"வெயில் அப்படி அடிக்குது."

"எனுக்கும் அதே வெயிலுதான் சார் அடிக்குது. நான் ரெண்டு கிளாஸு குடிச்சேன். நீங்க காலைலேந்து குடிச்சிக்கினே கீறீங்க. குடிக்கிறீங்க, எழுந்து போறீங்க, வந்து மறுக்கா குடிக்கிறீங்க. வூட்ல அம்மா ஒண்ணும் கேக்கலியா?"

"நான் டெய்லி ஏரிக்கரையில நடக்கிறேன். அதான் தாகம். உடம்பு கூட இறங்கியிருக்கு பாரு."

"அது சரி சார். நடக்கிறவங்கோ அல்லாரும் பெல்ட்டுக்கு மாசத்துக்கு ரெண்டு ஓட்ட போட்டுக்கினா இருக்காங்கோ? போன மாசம் ஆணி வச்சி நான்தானே போட்டேன்."

அவரைச் சாப்பிடப் போகச் சொல்லிவிட்டு லேபை உட்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன். அந்தப் பெண் செய்தது தப்பு என்று நிரூபிப்பதற்காகத்தான். வேறு எண்ணம் எனக்கு இல்லை என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

புதுப் பாட்டில், புதிதாக ஒரு அசல். பீரோவிலிருந்து பிரிக்காத டிராப்பர். குழாயை நானே மூன்று முறை கழுவினேன். பெனடிக்ட் கரைசலை ஊற்றினேன், நல்ல நீலம். எட்டுச் சொட்டு விட்டேன். கொதிக்கிற தண்ணீரில் குழாயை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். கோளாறு இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே இருக்க வேண்டும். சர்க்கரை இருந்தால் பச்சை, அதற்கு மேல் இருந்தால் மஞ்சள், இன்னும் மேலே போனால் ஆரஞ்சு. இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது நிமிஷம் பச்சை தெரிந்தது. குழாயை எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். எடுக்கவில்லை. ஐந்தாவது நிமிஷம் ஆரஞ்சு திரண்டு அடியில் படிந்துவிட்டது.

பயந்துபோனேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தேன். பிறகு, கேசரி, கேசரியால்தான் என்று ஒரு சமாதானம் தோன்றியது. அதுவும் நிலைக்கவில்லை. ஆரோக்கியமான உடம்பு ஒரு அண்டாக் கேசரியைத் தின்றாலும் சர்க்கரையை இப்படிக் கீழே விடாது என்று ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் முழங்குகிறவன் நான்தான்.

அடுத்ததாகத் தோன்றிய எண்ணத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். இது எனக்கு மட்டும்தான் தெரியும். சத்தமில்லாமல் ஒரு டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம். தனசிங்கின் நியமனக் கடிதம் ஆபீசில் டைப் ஆகிக்கொண்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் மரியாதைக்கும் குறைவில்லை, யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அந்தப் பெண் நாசரேத்துக்குப் போய் ஜவுளிக்கடையில் உட்காருவாள். அவ்வளவுதான். பத்து நிமிஷம் இந்த எண்ணத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஆரஞ்சு அப்படியே இருந்தது.

கதவைத் திறந்தேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த தனசிங் துள்ளி எழுந்து வந்தான்.

"தனசிங், நாலாம் பாட்டில் உனக்கு என்ன வந்தது?"

"நார்மல் சார்."

"நான் கேக்கிறது நிறம். குழாயில என்ன நிறம் வந்தது?"

அவன் என் முகத்தைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"ஆரஞ்சு சார்."

"அப்புறம் ஏண்டா நார்மல்னு எழுதின?"

"நாலு எப்பவுமே நார்மல்தானே சார். ஞானசௌந்தரிக்கு நடந்ததை ஜூனியர் பசங்க சொன்னாங்க. அதுவும் இல்லாம... அது உங்களோடதாச்சே சார். உங்களுக்குச் சர்க்கரைன்னு நான் எப்படி சார் எழுதுவேன்?"

"என்னோடதுன்னு உனக்கு யார் சொன்னது?"

"எல்லாருக்கும் தெரியும் சார். சீனியர்ஸ் போகும்போது சொல்லிட்டுப் போவாங்க. ‘நாலாம் பாட்டிலத் தொடவே தொடாத, நார்மல்னு எழுதிடு, அது சாரோடது’ன்னு. யாரும் டெஸ்ட்டே பண்ண மாட்டாங்க. ஞானசௌந்தரி ஒருத்திதான் பண்ணிட்டா."

அவனை ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. யோசித்துப் பார்த்தால் அந்த அடி விழ வேண்டிய கன்னம் வேறு. உண்மையைச் சொன்ன பிள்ளையிடம் ஐந்து மார்க்கைப் பிடுங்கினேன். சொல்லாமல் விட்டவனுக்கு வேலை கொடுக்கப் போனேன். கெட்டவன் இல்லை தனசிங். எனக்குப் பிடித்ததை எழுதக் கற்றுக்கொண்டவன். கற்றுக்கொடுத்த வாத்தியார் நான்.

பிரின்சிபால் அறைக்கு ஓடினேன். கடிதம் மேஜையில் இருந்தது. அவர் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துப் போட்டுடாதீங்க சார்" என்று ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில் யாருடையது என்று சொன்ன இடத்தில் அவர் முகத்தை ஒரு முறை துடைத்துக்கொண்டார், ஆனால் சிரிக்கவில்லை. நல்ல மனிதர்.

"முதல்ல உடம்பைப் பாருங்க சத்தியநாதன். அந்தப் பொண்ணுக்கு நாளைக்குத் தபால்ல அனுப்பிக்கலாம்."

"தபால் போறதுக்குள்ள அவ அப்பாவுக்கு லெட்டர் போட்டுடுவா சார். ரயிலுக்குப் போயிருக்கா. நான் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, போவது எப்படி? எங்கள் ரோட்டில் பஸ் தன் இஷ்டத்துக்குத்தான் வரும். சாப்பிட்டுவிட்டு வந்த சவுரிமுத்து கையில் சைக்கிள் இருந்தது. நான் கேரியரில் ஏறி உட்கார்ந்தேன். கழுத்தில் டை, காலில் ஷூ.

"இன்னா சார், எங்க?"

"தாம்பரம் ஸ்டேஷன். மிதி."

சேலையூர் வரைக்கும் ஒரு பயல் பாக்கியில்லாமல் எல்லாரும் பார்த்தார்கள். யாரும் ரோட்டை விட்டு இறங்கவில்லை, நின்று பார்த்தார்கள். ஒருவன் சிரித்தே விட்டான். நின்று திட்ட நேரமில்லாமல் போய்விட்டது.

"ஆடாம குந்துங்க சார், பேலன்ஸு பேஜாராவுது" என்றார் சவுரிமுத்து. கொஞ்ச தூரம் போனதும், "ஒண்ணு சார், போன வருஷ வெயிட்டுக்கு நான் உங்கள ஏத்தியே இருக்க மாட்டேன்" என்றார்.

பியூலா பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். குரோம்பேட்டை வழியாக பீச் போகிற வண்டி இன்னும் வரவில்லை. மடியில் கைப்பை, அதன் மேல் நீல நிற இன்லண்ட் லெட்டர், கையில் பேனா. எழுத ஆரம்பித்து அப்படியே நின்றுவிட்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. மூச்சு வாங்க எதிரே போய் நின்ற என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு எழுந்தாள்.

"நாலாம் நம்பர் யாருன்னு கேட்டீங்களேம்மா" என்றேன். "நான்தான்."

"காலையில ரெண்டு தட்டு கேசரி சாப்பிட்டீங்களே சார்!" என்றாள் கோபமாக. உண்மையான கோபம். என்னிடம் யாரும் கோபப்பட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. நன்றாகத்தான் இருந்தது.

"உக்காருங்க சார்."

உட்கார்ந்தேன். தாகம் எத்தனை நாளாக? இளைத்தது எப்போதிலிருந்து? அப்பாவுக்கு இருந்ததா, அம்மாவுக்கு இருந்ததா? கண் மங்குகிறதா? செருப்புக் கடித்தால் எத்தனை நாளில் ஆறுகிறது? ஒவ்வொன்றாகக் கேட்டாள். எந்த இன்டர்வியூவிலும் நான் இவ்வளவு ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. நான் விட்ட இடத்தைச் சவுரிமுத்து நிரப்பினார். பெல்ட் ஓட்டை வரைக்கும் சொல்லிவிட்டார்.

"நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட போய் ரத்தம் குடுக்கணும். காபி கூடக் கூடாது."

"வெல்லக் காபி?"

"சார்!"

"சரிம்மா, சரி. வந்த விஷயத்தைச் சொல்லிடறேன். வேலை உங்களுக்குத்தான். பிரின்சிபால் ஒத்துக்கிட்டார். லெட்டர் நாளைக்குத் தபால்ல போடுவாங்க."

அவள் நம்பாமல் சவுரிமுத்துவைப் பார்த்தாள். அவர், "மெய்தான்மா. இதுக்குத்தான் என் சைக்கிள முறிச்சிக்கினு வந்தாரு" என்றார்.

"தனசிங் சாருக்கு நாலும் சரின்னு சொன்னீங்களே?"

"அவனும் ஆரஞ்சைத்தான் பார்த்தான். நீங்கதான் அதை எழுதினீங்க."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் என்னவோபோல் ஆகிவிட்டது. தூரத்தில் வண்டி வருகிற சத்தம் கேட்டது. அவள் சட்டென்று திரும்பினாள்.

"அந்த ஞானசௌந்தரி சார். அவளுக்குக் குறைச்ச அஞ்சு மார்க்?"

"அது போன வருஷத்துக் கதைம்மா. அவ பாஸ் பண்ணி, கல்யாணமாகி, வேலூர் பக்கம் போய்ட்டா. மார்க்கை இனிமே மாத்த முடியாது."

"ஒரு லெட்டர் போடலாமே."

"போடலாம். போடறேன்."

"எப்ப சார்?" அவள் கையிலிருந்த இன்லண்ட் லெட்டரை என்னிடம் நீட்டினாள். "எனக்கு இனிமே இது வேண்டாம். அப்பாவுக்கு நல்ல சேதியா வேற ஒண்ணு எழுதிக்கறேன். இதுல ‘அன்புள்ள’ன்னு மட்டும்தான் எழுதியிருக்கேன். மீதியை நீங்க எழுதிடுங்க."

வண்டி வந்தது, அவள் ஏறினாள், ஜன்னல் வழியாக, "வெறும் வயிறு சார்!" என்று பிளாட்பாரம் முழுக்கக் கேட்கக் கத்தினாள். நான் அதே பெஞ்சில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன். ‘அன்புள்ள’ என்று அவளுடைய குண்டு எழுத்து. பக்கத்தில் என் கோணல் எழுத்தில் ‘ஞானசௌந்தரிக்கு’ என்று எழுதினேன். அதற்கு மேல் வெகுநேரம் ஓடவில்லை. கடைசியில் மூன்று வரி எழுதினேன். போன வருஷம் நாலாம் பாட்டிலுக்கு நீ எழுதிய விடைதான் சரி. அந்தப் பாட்டில் என்னுடையது, எனக்குச் சர்க்கரை. எல்லார் முன்னாலும் உன்னை அவமானப்படுத்தியதற்காக என்னை மன்னித்துவிடு.

மறுநாள் ரத்தப் பரிசோதனையும் பியூலா பக்கமே தீர்ப்புச் சொன்னது. டாக்டர் மாத்திரையும் பத்தியமும் எழுதிக் கொடுத்தார். சரோஜினி கேசரி என்ற சொல்லையே வீட்டில் தடை செய்தாள். தனசிங்குக்கு அடுத்த மாதமே பல்லாவரம் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் இடம் கிடைத்தது. சிபாரிசுக் கடிதம் நான்தான் கொடுத்தேன். கொடுக்கும்போது, "பார்த்ததை எழுது" என்று மட்டும் சொன்னேன். கத்தவில்லை.

ஜூலை முதல் தேதி பியூலா வேலையில் சேர்ந்தாள். சேர்ந்த கையோடு நாலாம் நம்பர் பாட்டிலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். யாருடையதானாலும் முதலில் சோதித்துவிட்டுத்தான் பரீட்சைக்கு வைக்க வேண்டும் என்பது அவள் போட்ட முதல் விதி. துறை முழுக்க லட்டு கொடுத்தாள். பிரின்சிபாலுக்கு ஒன்று, சவுரிமுத்துவுக்கு இரண்டு. எனக்கு ஒரு கொய்யாக்காய். அதுவும் காய்.

அதைக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் தபால் வந்தது. வேலூரிலிருந்து ஒரு கார்டு. சாரின் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டியதாகவும், மாமியார் கண் கலங்கியதாகவும், உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படியும் ஞானசௌந்தரி எழுதியிருந்தாள். கீழே கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு, இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி ஒரு வரி சேர்த்திருந்தாள்.

‘டிராப்பரை நான் நன்றாகக் கழுவித்தான் எடுத்தேன் சார்.’